டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் கண்ணா? கண் பரிசோதிக்க வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்துக் கோபி பக்கம் ஒரு சின்ன ஊரில் இருபது வருசமாகக் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்த்துச் சொல்கிறவன். பள்ளிக்கூடம் திறந்து முதல் பரீட்சைத்தாள் வீட்டுக்கு வந்த வாரம் என் கடை பெஞ்சில் இடம் இருக்காது. "கண்ணை நல்லாப் பாருங்க சார், புஸ்தகத்தை எடுத்தாலே தடுமாறுறான்" என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். போதாததற்கு, "டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் கண்ணுக்குள்தான், பிரான்ஸ் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருசத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றி வருகிறது. அதையும் காட்டிக் கேட்பார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, டிஸ்லெக்சியாங்கிறது கண் நோயுங்களா?

இல்லைங்க. பார்வை நன்றாக இருக்கும், புத்தி நன்றாக இருக்கும், பள்ளிக்கூடமும் ஒழுங்காகப் போயிருக்கும், ஆனாலும் எழுத்தைப் பார்த்து வாசிப்பது மட்டும் மற்ற பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி வராது. இதுவரை நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை கை காட்டுவது ஒலியைத்தான்: ஒரு சொல்லைத் துண்டு துண்டு ஒலியாகப் பிரிப்பது, ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு கோத்து வைப்பது. அந்தக் கோக்கும் வேலை நடக்கும் இடம் மூளை, பெரும்பாலும் இடது பாதி. கண் எழுத்தைக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுகிறது. உள்ளே எடுத்து அடுக்குவதில்தான் தாமதம். நூறு பிள்ளைகளில் ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை ஏதோ ஓர் அளவில் இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அப்போ அந்த பிரான்ஸ் செய்தி பொய்யுங்களா?

பொய் இல்லை, உண்மையான ஆய்வு. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதற்குள் வால் முளைத்துவிட்டது.

நடந்தது இது. பிரான்சில் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் லெ ஃப்ளாக், கி ரோபர் என்ற இரண்டு இயற்பியல் ஆராய்ச்சியாளர்கள் 2017 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். அதைப் புரிந்துகொள்ள விழித்திரையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கண்ணின் பின்சுவரில் ஃபிலிம் ஒட்டின மாதிரி இருப்பது விழித்திரை. அதன் நடுவில் ஃபோவியா என்று ஒரு சின்னக் குழி. நாம் எதை உற்றுப் பார்த்தாலும், பேருந்து போர்டோ பேப்பரில் தங்கம் விலையோ, அது வந்து விழ வேண்டிய இடம் அதுதான். அங்கே வெளிச்சத்தையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்கள் நெருக்கியடித்து நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று கூம்பில் மூன்று வகை. நீலக் கூம்பு எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, ஃபோவியாவின் நட்ட நடுவில் அதுவும் அறவே கிடையாது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள அந்தப் பொட்டின் வடிவத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள். குறிப்பிட்ட நிற வெளிச்சத்தில் இந்த நடுப்பகுதி ஒரு நிழல்போலத் தெரியும் என்று 1856-லேயே மாக்ஸ்வெல் எழுதி வைத்திருந்தார், மின்காந்தக் கொள்கைக்குப் பேர்போன இயற்பியலாளர் மாக்ஸ்வெல் அவரேதான்.

டிஸ்லெக்சியா இல்லாத 30 பேர், இருக்கும் 30 பேர், எல்லோரும் பெரியவர்கள். இல்லாதவர்களுக்கு ஒரு கண்ணில் பொட்டு வட்டமாகவும், மறு கண்ணில் கோணல்மாணலாகவும் இருந்தது. வட்டமாக இருந்தது ஆதிக்கக் கண்ணில். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கோ இரண்டு கண்ணிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வட்டம். இரண்டு கண்ணும் சம பலத்தில் படம் அனுப்புவதால் எதை எடுப்பது என்று மூளைக்குக் குழப்பம், எழுத்தின் அசலும் அதன் கண்ணாடி பிம்பமும் சேர்ந்து தெரிகின்றன என்பது அவர்கள் வாதம்.

ஆதிக்கக் கண்ணுன்னா என்னங்க?

வலக்கை இடக்கை மாதிரிதான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி எதிரே ஒரு தென்னையின் கொண்டையை அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். கையை அசைக்காமல் ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு அதைத் திறந்து மற்றதை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது தென்னை ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அது உங்கள் ஆதிக்கக் கண். இது விளையாட்டுக்கு. இடது கண் ஆதிக்கமாக இருக்கிறது என்று பிள்ளையைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கறதுதான் காரணம்னு முடிவு பண்ணிக்கலாமா?

முடியாது. முதலாவது, 60 பேர் என்பது சின்னக் கூட்டம். எங்கள் கண் முகாமில் ஒரு காலை நேரத்தில் அதைவிட அதிகம் பேர் டோக்கன் வாங்குவார்கள். இரண்டாவது, எல்லோரும் பெரியவர்கள். பிறக்கும்போதே பொட்டு அப்படி இருந்து அதனால் வாசிப்பு தடுமாறியதா, அல்லது இரண்டுக்கும் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்பதை, வளர்ந்து முடிந்த கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு எழுத்து தெரிவதற்கு முன்பே, நாலு வயதிலேயே பிள்ளைகளைப் பார்த்து வைத்து, பத்து வயதுவரை தொடர்ந்து போக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கண்ணாடி பிம்பம்தான் முழுக் காரணம் என்றால் தமிழில் இந்தப் பிரச்சினையே இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் சின்ன பி-யைத் திருப்பினால் சின்ன டி. தமிழில் அப்படித் திருப்பிப் போட்டால் இன்னொரு எழுத்தாகும் ஜோடி கிடையாது என்றே சொல்லலாம். ஆனாலும் தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் என் பெஞ்சில் வந்து உட்காரத்தான் செய்கிறார்கள்.

என் பொண்ணு பி-யையும் டி-யையும் மாத்தி மாத்தி எழுதறாளுங்க. அது?

என்ன வயசு? ஆறு என்றால் விடுங்கள், ஏழும் பரவாயில்லை. எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் அப்படித்தான் எழுதும்.

காங்கேயம் காளை ஒன்று வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. திரும்பி இடப்பக்கம் பார்த்து நின்றால் வேறு காளையா? அதே காளைதான். சொம்பு, செருப்பு, ஆடு, அப்புச்சியின் முகம், எல்லாவற்றையும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றே என்று அடையாளம் காணத்தான் மூளை பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. திடீரென்று பள்ளிக்கூடத்தில் சேர்த்து, 'இந்தக் கோடும் வளைவும் வலது பக்கம் பார்த்தால் ஒன்று, இடது பக்கம் பார்த்தால் வேறொன்று' என்கிறோம். பழகினதை மறக்கக் கொஞ்ச காலம் ஆகும். எட்டு வயதைத் தாண்டியும் விடாமல் வந்தால், கூடவே வாசிப்பும் மெதுவாக இருந்தால், அப்போது பார்க்க வேண்டும். மற்றபடி திருப்பி எழுதுவதுதான் டிஸ்லெக்சியாவின் அடையாளம் என்பது பழைய நினைப்பு.

எழுத்தைச் சரியாக்கும் லாம்ப்புன்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, வாங்கலாமா?

அந்த ரென் ஆய்வாளர்கள், அசல் படத்துக்கும் கண்ணாடி பிம்பத்துக்கும் இடையே ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருப்பதாகச் சொல்லி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கும் எல்இடி விளக்கால் பிம்பத்தை அழிக்கலாம் என்றார்கள். அதிலிருந்து கிளம்பியவைதான் இந்த விளக்குகள். வாங்காதீர்கள். அந்த விலைக்கு ஒரு வருசத்துக்கு வேண்டிய கதைப் புத்தகம் வாங்கலாம்.

டிஸ்லெக்சியாவை மொதல்ல கண்டுபிடிச்சதே கண் டாக்டருங்கதான்னு படிச்சேன். இப்ப அவங்களே இல்லைங்கறாங்களே?

ஆமாம், படித்தது சரி. டிஸ்லெக்சியா என்ற பெயரையே 1887-ல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர்தான் வைத்தார். ஆனால் அவர் பார்த்தது மூளையில் அடிபட்டு வாசிப்பை இழந்த பெரியவர்களை. பிள்ளைகளைப் பற்றிய முதல் குறிப்பு 1896-ல், இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் எழுதியது. பெர்சி என்று ஒரு பதினாலு வயதுப் பையன். கெட்டிக்காரன், விளையாட்டில் யாருக்கும் குறைந்தவன் இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது, ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதுகிறான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவன் என்று வாத்தியார் சொன்னதையும் மார்கன் பதிந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் முகம் வந்துபோனது.

அடுத்து கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் என்ற கண் அறுவை நிபுணர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார், 1917-ல். 'சொல் குருடு' என்பது அப்போதைய பெயர். கண் டாக்டரிடம் வந்ததற்குக் காரணம் சுலபம்: படிக்க வரவில்லை என்றால் பெற்றோர் முதலில் கூட்டிப்போவது கண் டாக்டரிடம். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. ஆனால் அந்த டாக்டர்களே பார்வையைச் சோதித்துவிட்டு, குறை கண்ணில் இல்லை, மூளையில் என்றுதான் எழுதினார்கள். நூறு வருசத்துக்கு முந்தைய அந்தத் தீர்ப்பைத் திரும்பவும் சொல்கிற மாதிரி, 2009-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் கூட்டாக அறிக்கை விட்டன: பார்வைக் கோளாறு டிஸ்லெக்சியாவை உண்டாக்குவதில்லை, கண் பயிற்சியோ நிறக் கண்ணாடியோ அதைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஆனா அவன் கண்ணு வரி விட்டு வரி தாவுதுங்களே, நானே பார்த்திருக்கேன்.

எல்லோருடைய கண்ணும் தாவும். வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை, வாய்க்கால் தாண்டுகிற மாதிரி குதித்துக் குதித்துப் போகிறது. ஒரு இடத்தில் கால் நொடி போல நிற்கும், ஏழெட்டு எழுத்து தள்ளிக் குதிக்கும், திரும்ப நிற்கும். நன்றாக வாசிக்கிறவர்கள்கூடப் பத்துக் குதிப்பில் ஒன்று பின்னால் போவார்கள். இதைக் கவனித்தது 1870களின் கடைசியில் பாரிஸில் எமில் ஷாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடம். (பாவம், அந்த மனிதருக்கே பின்னால் கண்ணழுத்த நோய் வந்து பார்வை போய்விட்டது.)

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அதிக இடத்தில் நிற்கும், அதிக நேரம் நிற்கும், அடிக்கடி பின்னால் வரும். சரி, கண் தாவுவதால் வாசிப்பு கெடுகிறதா, வாசிப்பு புரியாததால் கண் தடவுகிறதா? உங்களிடம் ஒரு தெலுங்குப் புத்தகத்தைக் கொடுத்தால் உங்கள் கண்ணும் அப்படித்தான் முன்னும் பின்னும் அலையும். பத்து வயது டிஸ்லெக்சியா பிள்ளையை, அதே அளவுக்கு வாசிக்கும் ஏழு வயதுப் பிள்ளையோடு வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.

இதேபோல இன்னொன்று. அசைவதைப் பார்க்கும் நரம்புப் பாதை இவர்களுக்கு மந்தம், அதுதான் காரணம் என்று ஒரு கொள்கை 1990களில் பலமாக இருந்தது. 2013-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அதையும் சோதித்தார்கள். வாசிப்பு அளவு ஒத்த சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் காணாமல் போனது. இன்னும் வேடிக்கை, வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பாதையின் வேலையும் கூடியது. வாசிக்க வாசிக்கப் பார்வை தேறுகிறது, நாம் நினைத்ததற்குத் தலைகீழ்.

அப்ப கண் பரிசோதனையே வேண்டாமுங்களா?

ஐயோ, அப்படிச் சொல்லவே இல்லை. என் பிழைப்பில் மண் போடாதீர்கள். கட்டாயம் பாருங்கள், முதலில் பாருங்கள். டிஸ்லெக்சியா இருக்கிற பிள்ளைக்குக் கண் கோளாறும் வரலாம், இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தடை இல்லை.

முக்கியமாக, சுவரில் இருக்கும் அட்டையைப் படித்துவிட்டான் என்று அனுப்பிவிடக் கூடாது. அது தூரப் பார்வைக்கு. புத்தகம் இருப்பது ஒரு முழ தூரத்தில். கிட்டத்தில் பார்ப்பதற்கு அதிகம் சிரமப்படும் பவர் பிள்ளைகளுக்கு ஒளிந்திருக்கும், சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டு கண்ணும் சேர்ந்து மூக்கை நோக்கிக் குவிகிறதா, சோம்பேறிக் கண் இருக்கிறதா, மாறுகண் உண்டா, இவையும் பார்க்க வேண்டும். குவியாத கண்ணுக்கு எழுத்து இரண்டாகத் தெரியும், அரை மணியில் தலை வலிக்கும். அதைச் சரி செய்தால் உட்கார்ந்து படிக்கும் நேரம் கூடும். ஆனால் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கூட்டி வாசிக்க வந்துவிடாது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2015-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் 5,822 பிள்ளைகளின் கண்ணைச் சோதித்தார்கள். வாசிப்பில் கடுமையாகத் தடுமாறியவர்களில் ஐந்துக்கு நாலு பேருக்குக் கண்ணில் சொல்லும்படியாக எதுவுமே இல்லை.

கலர் கண்ணாடி, கலர் ஷீட் போட்டா எழுத்து ஆடாம நிக்குமாமே?

இதில் நானே அடிபட்டவன். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த அக்காவின் மகன் அப்போது நாலாவது படித்தான். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று ஒருநாள் சொன்னான், அக்கா பயந்துபோய் வெளியூரில் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வரிசையாகக் கலர் பிளாஸ்டிக் தாள்களைப் புத்தகத்தின் மேல் வைத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டு, கடைசியில் ஊதாவில் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். கண்ணு தொழிலில் இருக்கும் மாமன் நானே, சரி, பார்க்கலாம் என்று சொன்னேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. "இந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளாட்டுக் குட்டி வாங்கியிருக்கலாம்" என்றார் அவனுடைய அமுச்சி, என் அம்மாதான்.

முதல் பத்து நாள் ஆசையாகப் போட்டுப் படித்தான், வேகமும் கூடின மாதிரி இருந்தது. நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தோம் இல்லையா, அதனால்கூட இருக்கலாம். இரண்டு மாதத்தில் கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. தடுமாற்றம் இருந்த இடத்திலேயே இருந்தது. வெளிச்சம் கூசுகிற பிள்ளைக்கு மங்கலான நிறத்தாள் கொஞ்சம் இதமாக இருக்கலாம், ஒரு ரூபாய் கலர் பேப்பரை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். மருந்து என்று நம்பிக் காசு கொட்ட வேண்டாம்.

கண் பயிற்சி?

கண் குவியாத பிரச்சினை இருந்தால் அதற்குப் பயிற்சி உண்டு, பலனும் உண்டு. டிஸ்லெக்சியாவுக்கு இல்லை.

பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட்டு, மீன் எண்ணெய்?

நல்ல சாப்பாடு, கொடுங்கள். வாசிப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இங்கிலீசுனா சரி, தமிழ்லயுமா இது வரும்? நம்ம எழுத்து அப்படியே படிக்கிற எழுத்தாச்சே?

வரும். 2001-ல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டு டிஸ்லெக்சியா ஆட்களையும் மூளை ஸ்கேனில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மொழி வேறு வேறாக இருந்தும் மூளையில் மந்தமாக இருந்த இடம் ஒன்றாகத்தான் இருந்தது. எழுத்து ஒழுங்காக இருக்கும் மொழியில் தப்பு குறைவாக வரும், ஆனால் வேகம் வராது. தமிழிலும் நான் பார்ப்பது அதுதான். சரியாகவே வாசிக்கும், ஆனால் ஒரு வரியை முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

நம் எழுத்து நாம் நினைக்கிற அளவு சுலபமும் இல்லை. 247 எழுத்து. கோபி பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கும் 'கோவை' போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது இரட்டைச் சுழிக்கொம்பு, அதன் ஒலி ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. க-வைத் தாண்டினால் ஒரு கால். கொம்பும் காலும் சேர்ந்துதான் ஓ. அடுத்து வ-வுக்கு முன்னால் ஐ-யின் சுழி. இரண்டே எழுத்து, ஆனால் கண் பார்க்கும் வரிசை வேறு, வாய் சொல்லும் வரிசை வேறு. நமக்குப் பழகிவிட்டது, தெரிவதில்லை. உகர வரிசையை எழுதிப் பாருங்கள்: கு, சு, டு, து, பு. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கிறதா? க என்று எழுதுகிறோம், 'கடல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் இன்னொரு ஒலி, 'அகல்' என்பதில் மூன்றாவது. ரெண்டு சுழி, மூணு சுழி, சின்ன ர, பெரிய ற தனிக் கதை.

முன்பு இதைவிட மோசம். லை, ணை, னை எல்லாம் துதிக்கை வைத்து எழுதிய காலம் உண்டு, என் அம்மா கடிதத்தில் இன்னமும் அப்படித்தான் எழுதுவார். ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் புது வடிவத்தில் அச்சடித்துக் காட்டினார், அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ள 1978 ஆயிற்று. அந்த மாற்றத்தால் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வடிவங்கள் குறைந்தன என்பதை யாரும் சொல்வதில்லை.

நீங்க எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?

நான் கண்டுபிடிப்பதில்லை, சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான். போன வருசம் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மணி மகனைக் கூட்டிவந்தார், மூணாவது படிக்கிறவன். அட்டையில் கடைசி வரி, பொடி எழுத்து, ஒற்றை ஒற்றையாகத் தவறே இல்லாமல் சொன்னான். கிட்டப் பார்வையும் சரி, கண் குவிவதும் சரி. பிறகு கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் போர்டைக் காட்டி, "சாமி, அது என்னன்னு படி" என்றேன். 'கடன் அன்பை முறிக்கும்.' அவன் "க...ட..." என்று நின்றான். "கடல்" என்றான். என் முகத்தைப் பார்த்தான். "கடல் அம்மா..." என்று இழுத்துவிட்டுக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டான். கை இரண்டும் தொடைக்கு அடியில் போய்விட்டது.

எழுத்து அத்தனையும் தெரிகிறது. அரை அடி உயரம், சிவப்புப் பெயிண்ட். பார்வைக் கோளாறு என்றால் பொடி எழுத்தில்தானே தடுக்க வேண்டும்?

அப்புறம் புத்தகத்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வாயால் ஒரு விளையாட்டு. "கரூர்னு சொல்லு. இப்போ க-வை எடுத்துட்டுச் சொல்லு." அவன் யோசித்து "கரூ" என்றான். "கல்லுல க-வுக்குப் பதிலா ப போட்டா?" பதில் இல்லை. இதில் கண்ணுக்கு வேலையே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூ.கே.ஜி. தங்கச்சி "பல்லு!" என்று கத்தினாள். அம்மணி என்னைப் பார்த்தார். கண்ணாடி எழுதித் தராமல் அனுப்பினேன், எங்கே போய்க் காட்ட வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

எழுத்தைப் பெருசாக்கிக் கொடுத்தா உதவுமா?

கொஞ்சம் உதவும், அதுவும் பெரிதாக்குவதைவிட எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடுவது. நெருக்கமாக இருந்தால் பக்கத்து எழுத்து இடிக்கும், சந்தைக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தவறவிடுகிற மாதிரி. 2012-ல் இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டு அச்சடித்துக் கொடுத்தபோது தப்பும் குறைந்தது, வேகமும் கூடியது, வேறு எந்தப் பயிற்சியும் இல்லாமலே. காசில்லாத வேலை. கணினியில் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். தனியாக டிஸ்லெக்சியா எழுத்துரு என்று வருவதில் இடைவெளியைத் தாண்டி விசேஷம் இல்லை.

அவங்கப்பனும் இப்படித்தானுங்க, ஆறாவதோட தறிக்குப் போயிட்டாரு. பரம்பரையா வருமா?

வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நன்றாகவே கூடும். 2022-ல் டிஸ்லெக்சியா உள்ள 50,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்து நடந்த மரபணு ஆய்வில் இதோடு தொடர்புள்ள 42 இடங்களைக் கண்டார்கள். ஒற்றை ஜீன் இல்லை, பல சின்னச் சின்னச் சேர்க்கை.

இந்தக் கேள்வி வந்தால் நான் அப்பாவைப் பார்த்துப் பேசுவேன். பாவு ஓடுவதில் நூல் அறுந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண், நாலு இலக்கக் கணக்கை மனசிலேயே போடுகிற ஆள், பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் வேர்த்துப்போவார். மகனைத் திட்டும்போது அவர் யாரைத் திட்டுகிறார் என்பது அவருக்கே தெரியும்.

எங்க போய்க் காட்டறதுங்க? சர்டிபிகேட்டு வாங்கினா பையன் பேரு கெட்டுப்போகாதா?

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமையாசிரியரிடம் சொன்னால் தொடர்பு கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. உளவியலாளர் ஒருவர் உட்கார்த்தி வைத்து முறையாகச் சோதிக்க வேண்டும், ஐந்து நிமிசத்தில் சொல்கிறவரை நம்பாதீர்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகையில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்லெக்சியா அதில்தான் வரும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாடத்தில் சலுகை என்று கேட்கலாம். பேர் கெடும் என்கிறீர்கள். மக்குப் பையன் என்று ஊரே சொல்வதில் மட்டும் பேர் நன்றாக இருக்கிறதா?

வீட்டுல என்னங்க செய்யறது?

தினம் இருபது நிமிசம், அதற்கு மேல் வேண்டாம். பாதி நேரம் நான் சொன்ன ஒலி விளையாட்டு; பஸ்ஸில் போகும்போதே ஆடலாம், அவினாசியில் அ-வை எடுத்தால் என்ன, பவானியில் ப-வுக்கு ம போட்டால் என்ன என்று. மீதி நேரம் ஒலியையும் எழுத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு வரிசை, மணலிலோ அரிசியிலோ விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும். கதையை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும், வாசிக்க வராத பிள்ளைக்குக் கதை தெரியாமல் போய்விடக் கூடாது. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தால் தெரியும்.

பவர் இல்லைங்கறீங்க, ஆனா அவன் கண்ணாடி வேணும்னு அழறான். சும்மா ஒன்னு போட்டு விடட்டுமா?

இது நிறைய நடக்கிறது. தாராபுரத்து மருமகனும் கேட்டான், ஊதாக் கண்ணாடி பீரோவுக்குள் போன பிறகு. ஏன்டா என்றேன். "கண்ணாடி போட்டிருந்தா கண்ணு தெரியலைன்னு நினைச்சுக்குவாங்க மாமா, திட்ட மாட்டாங்க" என்றான்.

போட்டு விடவில்லை. மறுநாள் அக்காவோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.